பாதி வர்ணம் அடித்த படகு

ஐயா, அம்மா,

முதல் இசைக் காணொளிக்குத் திட்டம் போட உட்காரப்போகும் உங்களை நான் இவ்வாறு விளிப்பதைக் கண்டு கூச்சப்பட வேண்டாம். படப்பிடிப்புத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பு நிர்வாகியாக இருந்தவன் நான். அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்தவரையும் ஐயா, அம்மா என்று அழைத்தே பழகியவன். அப்படி அழைக்கப்பட்டவர் மாலை வரை நம் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பார். இதில் வேறு தந்திரம் ஏதும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். செய்தித்தாள்களையும் ஒப்பந்தக் கடிதங்களையும் படித்துத்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

ஓய்வுபெற்றுத் திருவொற்றியூரில் வசித்துவரும் என்னை உங்கள் துறையினர் சென்ற கோடையில் அழைத்தனர். இறுதியாண்டு மாணவர்கள் எடுக்கவிருந்த இசைக் காணொளி ஒன்றுக்கு, திட்டமிடும் நிலையில் மட்டும் துணையிருக்குமாறு கேட்டுக்கொண்டனர். பாடலைக் காட்சிகளாகப் பிரிப்பதையும் ஷாட் பட்டியல் எழுதுவதையும் உங்கள் ஆசிரியர்கள் என்னைவிடச் செம்மையாகச் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அந்தத் திட்டத்தில் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை மாணவர்கள் செய்யவில்லை. அனுபவம் உள்ளவன் என்று அழைக்கப்பட்ட நான் செய்தேன்.

இயக்குநராகப் பொறுப்பேற்றிருந்தவர் ஷாஹிதா என்ற மாணவி, தண்டையார்பேட்டைக்காரர். முதல் நாள் அவர் என்னிடம் நீட்டிய திட்டத்தில், காலை காசிமேடு, நண்பகல் எண்ணூர், மாலை இராயபுரம் என்று ஒரே நாளில் மூன்று இடங்கள் இருந்தன.

"மேப்ல பாத்துட்டேன் சார். எண்ணூருக்கு முப்பது நிமிஷம்தான் காட்டுது," என்றார்.

"அந்த மேப்பைக் கன்டெய்னர் லாரிக்காரர்களிடம் காட்டிவிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் அந்தச் சாலையை மணிக்கணக்கில் அடைத்து நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர் ஆதலால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சிரித்துக்கொண்டே எண்ணூரையும் இராயபுரத்தையும் அடித்துவிட்டார். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் ஒன்றே மிஞ்சியது.

பாடலின் தலைப்பு 'ஓடாத போட்டு'. படித்து முடித்து வேலை கிடைக்காத ஒருவன், கரையில் கிடந்து துருப்பிடிக்கும் படகைப் பார்த்து, நீயும் நானும் ஒன்றுதான் என்று பாடுவதாக அமைந்தது. பாடியிருந்தவர் ஷாஹிதாவின் அண்ணன். டிப்ளமா முடித்து இரண்டு ஆண்டுகளாக அவர் வீட்டில்தான் இருந்தார். ஆகவே அந்தப் பெண்ணுக்கு அது மதிப்பெண்ணுக்கான வேலையாக மட்டும் இல்லை. கல்லூரிக் கேமராவை முறை வைத்துக் கொடுத்தார்கள். இவர்கள் அணிக்கு ஒரே ஒரு வியாழக்கிழமை. அதற்கடுத்த திங்கட்கிழமை காணொளியை ஒப்படைக்க வேண்டும். இந்த இரண்டு நாட்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

இடம் பார்க்கப் போனபோது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் அந்த இரண்டு மாதங்கள் எங்களுக்கு வசதி. கரையேற்றி நிறுத்தியிருந்த படகுகளின் வரிசையில் ஷாஹிதா ஒன்றின் முன் நின்றுவிட்டார். அதன் நீல வர்ணம் தோல் உரிந்திருந்தது. நீலத்தின் அடியில் பச்சை, பச்சையின் அடியில் மரம். ஆணித் தலைகளிலிருந்து துரு கோடு கோடாக இறங்கியிருந்தது. "இதான் சார்," என்றார். வேறு படகைப் பார்க்க அவர் நகரவே இல்லை.

படகின் உரிமையாளர் ஏழுமலை நிழலில் அமர்ந்து, கூட்டாளிகளோடு வலை பின்னிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் விவரம் சொன்னேன்.

"எட்துக்கோ நைனா. ரெண்டு மாசம் சும்மாதான நிக்கப் போவுது," என்றார். பிறகு ஊசியை நிறுத்திக்கொண்டு கேட்டார்: "ஆமா, இத்தினி போட்டு நிக்குது. என் போட்டு இன்னாத்துக்கு?"

நேரான கேள்வி. அதற்கு நேரான விடை என்னிடம் இருந்தது. ஆனால் ஒரு மனிதரின் பிழைப்பை அவர் முகத்துக்கு நேரே பழையது, பாழடைந்தது என்று எப்படிச் சொல்வது? முப்பது ஆண்டுகளாக இடம் கேட்டுக் கேட்டு வழுவழுப்பாகிப்போன என் நாக்கு, "இருக்கிறதுலேயே உங்க போட்டுதாங்க ஜம்முனு இருக்கு," என்று சொல்லிவிட்டது.

பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். "டேய் ஏயுமல, ஒன் போட்டு ஹீரோ ஆயிட்ச்சுடா! இனிமே நீ கூப்ட்டா தண்ணிக்கு வருமா, கால்ஷீட் கேக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தார். ஆனால் அவர் திரும்பித் தம் படகைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை, வேறொன்று இருந்தது. நான் அதைக் கண்டேன். கண்டும் அது என்னவென்று கேட்காமல், கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பின் எங்கள் ஏற்பாடுகளில் ஒரு குறையும் இருக்கவில்லை. துறைமுக அலுவலகத்தின் அனுமதிக் கடிதம், வெயில் எந்தப் பக்கம் எப்போது விழும் என்ற குறிப்பு, மாணவிகள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எது என்பது வரை எல்லாம் எழுதியாயிற்று. திட்டத் தாளில் இடத்தின் விவரமாக, 'பழைய படகு, உரிந்த நீலம், கிழக்குப் பக்கம்' என்று என் கையாலேயே எழுதினேன். நான் ஏழுமலையிடம் சொன்னதும் தாளில் எழுதியதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பது எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் கழிந்து, படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை காலையில், கடைசியாக ஒருமுறை பார்த்துவர ஷாஹிதாவும் கலை இயக்கம் பார்த்த பிரதாப்பும் நானும் போனோம். வரிசையில் அந்தப் படகைக் காணவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இருந்தது. எலுமிச்சை மஞ்சள், அதன் விளிம்பில் குங்குமச் சிவப்பு, முகப்பில் நிழல் கொடுத்து எழுதிய புதுப் பெயர், அதன்மேல் ஒரு சாமந்தி மாலை. கைலி முழுக்க வர்ணத் தெறிப்போடு ஏழுமலை எங்களை நோக்கி வந்தார்.

"எப்டி நைனா? அடுத்த பொங்கலுக்கு அப்பால அடிக்கலாம்னு வுட்டு வெச்சிருந்தேன். நீ ஜம்முனு சொல்லிட்டு போன பாரு, அப்பால மன்சு கேக்கல. பட்டி பாத்து, எமரி பேப்பர் போட்டு தேச்சு, ரெண்டு கை பெயின்ட் ஓட்டிட்டேன். கேமரால பளிச்சுனு வுயணும்ல?"

ஷாஹிதா, "சூப்பரா கீதுணா," என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் போய் நின்றோம். சுற்றிலும் பார்த்தேன். தடைக்காலம் முடியும் தறுவாய் ஆதலால் எல்லாப் படகுகளும் புது வர்ணத்தில் இருந்தன. இல்லாதவற்றில் ஆட்கள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய படகு என்று ஒன்றுகூட அந்தத் துறைமுகத்தில் இல்லை.

பிரதாப் மட்டும் பதறவில்லை. "ஒண்ணும் பேஜார் இல்ல சார். டீ டிகாஷன், சாம்பல், கொஞ்சம் காவி. ஸ்ப்ரே பண்ணா அரை மணி நேரத்துல பழைய போட்டு. முடிச்சிட்டு தண்ணி அடிச்சா போயிடும். அந்தாளு சாப்ட போற டைமா பாத்து பண்ணிட்லாம். இது எல்லா ஷூட்டிங்லயும் பண்றது தான சார்?"

அவர் சொன்னது முற்றிலும் சரி. எல்லாப் படப்பிடிப்பிலும் செய்வதுதான். நானே செய்திருக்கிறேன். எப்போது, எங்கே என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக எண்ணூரில் ஒரு மீனவர் வீடு கேட்டிருந்தோம். குறித்த நாளில் போனபோது வீட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்து, வாசலில் பெரிய கோலம் போட்டு வைத்திருந்தார்கள். கதைப்படி அது ஏழை வீடு. நான் கலைப் பிரிவினருக்குக் கையால் ஜாடை காட்டினேன். பத்தே நிமிடத்தில் தேயிலைச் சாயமும் சாம்பலும் அந்தச் சுவர் முழுக்க வழிந்தன. வீட்டு அம்மாள் தண்ணீர்ச் செம்போடு நிலைப்படியில் நின்றிருந்தார். பிறகு உள்ளே போனவர் அன்று முழுவதும் வெளியே வரவில்லை. வேலை தடங்கலின்றி முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

மாலையில், எங்கள் உடைப் பிரிவில் இஸ்திரி போடும் பெண்மணி, துணிகளை மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "செவுத்துல அடிச்சுகினு இர்ந்தப்போ அந்தம்மா மூஞ்சியப் பாத்தியாணா? நா பாத்தேன்."

"தண்ணி ஊத்தினா போயிடும்மா," என்றேன்.

"செவுத்துல போயிடும்," என்றார். பெட்டியை மூடிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். இந்தத் தொழிலில் எனக்கு ஆசான் என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

பிரதாப்பிடம் இதையெல்லாம் நான் விரித்துச் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஷாஹிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப இன்னா சார் பண்றது? வியாயக்கிழம வுட்டா கேமரா கெடையாது. திங்கக்கிழம குடுக்கலன்னா அஞ்சு பேருக்கும் மார்க் இல்ல. எங்கண்ணன் தெனம் கேக்கறான் சார், எப்ப எடுக்கறீங்கன்னு. அவன் வேற எதையும் கேக்கறதே இல்ல."

"என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, அம்மா. முதலில் நான் சொன்ன பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர் அனுமதியையும் சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வார்."

நாங்கள் திரும்பி வந்தபோது ஏழுமலையின் மனைவி கஸ்தூரி டிபன் கேரியரோடு வந்திருந்தார். அதே துறைமுகத்தில் மீன் விற்பவர்; வேண்டிய அளவுக்குக் குரல் உள்ளவர். வலை பின்னுகிறவர்களும் இருந்தார்கள். தனியே அழைத்துப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். பொய்யை எல்லோர் முன்னும் சொன்னேன். ஆகவே உண்மையையும் அங்கேயே சொன்னேன்.

"ஏழுமலை, அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்க போட்டு ஜம்முனு இருந்ததுன்னு நாங்க கேக்கல. வர்ணம் உரிஞ்சு, துருப்பிடிச்சு, கேட்பாரில்லாம நிக்கிற மாதிரி இருந்துச்சு. பாட்டுக்கு அதுதான் வேணும். உங்க மூஞ்சியப் பாத்து அதச் சொல்ல எனக்கு வாய் வரல."

கஸ்தூரி கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். "நா அன்னிக்கே சொல்லல? கட்டுன பொண்டாட்டி நானே அத ஜம்முனு சொன்னதில்ல. யாரோ வந்து சொல்லிட்டாருன்னு வூட்ல தலகீயா குதிச்சிகினு இர்ந்துச்சுணா இந்தாளு! சோத்துல கூட பெயின்ட் வாசன!"

ஏழுமலை சிரிக்கவில்லை. "கேட்பாரில்லாமவா?" என்றார் மெதுவாக. "மூணு வூடு சோறு துன்னுது நைனா அந்த போட்டால."

அவர் தூரிகையை ஒரு கந்தலில் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் வர்ணம் போன பிறகும் துடைத்தார். பிறகு ஷாஹிதாவைப் பார்த்து, "இன்னா பாட்டு அது? போடு பாப்பா, கேப்போம்," என்றார்.

கைப்பேசியில் பாடல் ஒலித்தது. நான்கு நிமிடம். வலை பின்னுகிறவர்களின் கைகள் நின்றிருந்தன.

"யார் பாடுனது?"

"எங்கண்ணன். டிப்ளமா படிச்சிட்டு ரெண்டு வர்சமா வூட்ல கீறான்."

ஏழுமலை தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "செரி, நீ சொல்லிட்ட. நானும் ஒண்ணு சொல்லிட்றேன். வா இப்டி."

படகின் முகப்பைச் சுற்றிக்கொண்டு, அடுத்த படகுக்கும் அதற்கும் இடையிலிருந்த சந்துக்கு எங்களை அழைத்துப் போனார். மேற்குப் பக்கம் அப்படியே இருந்தது. அதே உரிந்த நீலம், அதே துருக் கோடுகள்; ஒரு கைகூட வர்ணம் படவில்லை.

"கேமரா வர்ற பக்கத்த மட்டும் மொதல்ல அடிச்சேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "இந்தப் பக்கத்துக்கு வியாயக்கிழமதான் ஆளு வருது. நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் வந்ததுல இர்ந்து அந்தப் பக்கமே நிக்க வெச்சு பேசிகினு இர்ந்தேன்."

பிரதாப் வாய்விட்டுக் கத்தியே விட்டார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். நான் பொய்யோடு நின்றிருந்தால் அவரும் மறைத்தபடியே நின்றிருப்பார். ஐந்து அடி தூரத்தில் இருந்த விடையை நாங்கள் பார்க்காமலே போயிருப்போம்.

ஆனால் காரியம் அதோடு முடியவில்லை. "எட்துக்கோங்க," என்றார் ஏழுமலை. "ஒண்ணே ஒண்ணு. பாட்டு முடியறப்போ கேமரா புது பக்கத்துக்கு வந்துடணும். என் போட்ட அம்போன்னு வுட்டுட்டு போவக் கூடாது."

எனக்கு அது எளிய நிபந்தனையாகத் தோன்றியது. ஷாஹிதா அசையாமல் நின்றார்.

"அப்டி முடியாதுணா," என்றார். "எங்கண்ணனுக்கு இன்னும் வேல கெடைக்கல. பாட்டு முடிவுல மட்டும் பளபளன்னு காட்னா அவன் இன்னா நெனப்பான்? பொய்யாப் பூடும்."

"அப்ப என் போட்டு வாணாம். வேற பாத்துக்கோ."

"வேற இல்லணா."

"அதுக்கு நா இன்னா பண்ண முடியும் பாப்பா?"

இந்த இடத்தில்தான், ஐயா, அம்மா, என் பழைய நாக்கு மறுபடி எழுந்தது. சரி என்று சொல்லிவைப்போம், எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாக்கியம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. எத்தனையோ இடங்களில் அதைச் சொல்லி வேலையை முடித்திருக்கிறேன். அன்று வாயை மூடிக்கொண்டேன். முப்பது ஆண்டுகளில் நான் செய்த கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று.

ஷாஹிதா மட்டும் அந்தச் சந்துக்குள் தனியாகப் போனார். உரிந்த பக்கத்தைக் கைவைத்துப் பார்த்தபடி முகப்பு வரை நடந்தார். அங்கே பழைய நீலம் முடிந்து புது மஞ்சள் தொடங்கும் இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"அண்ணா, வியாயக்கிழம நீங்களும் பெயின்ட் அடிப்பீங்களா?"

"நா இல்லாம எவன் அடிப்பான்?"

"எத்தினி மணிக்கு ஆரம்பிப்பீங்க?"

"வெயிலுக்கு முன்னாடி. ஆறு, ஆற."

"அப்ப நீங்க அடிக்கிறத நா எடுக்கறேன். ஒரு பக்கத்துல இர்ந்து அடிச்சுகினு வருவீங்க. பாதில பாட்டு முடிஞ்சிடும். புதுசும் இல்ல, பழசும் இல்ல. அம்போன்னு வுட்ட மாறியும் காட்டல, எல்லாம் செரியாய்ட்ச்சுன்னும் சொல்லல. வேல நடந்துகினு கீது. அவ்ளோதான்."

ஏழுமலை அதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். "நா அடிக்கிறது வருமா? என் மூஞ்சி?"

"வரும்ணா."

"நடந்துகினு தான கீது வேல? அது மெய்தான். செரி."

"மூஞ்சி வருதுன்னா மொதல்ல சேவிங் பண்ணு," என்றார் கஸ்தூரி. "போட்ட வுட நீதான் பழசா கீற!"

வியாழக்கிழமைக் காரியங்களை நான் விவரிக்கப் போவதில்லை. என் பொறுப்பு திட்டத்தோடு முடிந்தது. காணொளி திங்கட்கிழமை ஒப்படைக்கப்பட்டது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அதன் கடைசிக் காட்சியில் ஏழுமலையின் தூரிகை படகின் நடுப்பகுதிக்கு வந்துகொண்டிருக்கையில் பாடல் நின்றுவிடுகிறது. ஷாஹிதாவின் அண்ணன் அதை முதன்முறை பார்த்தபின், மீதியை அடித்து முடித்தாரா என்று கேட்டாராம். முடித்தார் என்று தங்கை சொன்னதும், நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாராம். தடைக்காலம் முடிவதற்குள் இருவரும் போய்ப் பார்த்தும் வந்தார்கள்.

எண்ணூர் அம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தக் காரியத்துக்குப் பிறகு ஒருநாள் தேடிப் போனேன். அந்தத் தெருவே இப்போது இல்லை.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. இடத்தின் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கும் தாளில், எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்டிருப்போம். அந்த இடத்தை எப்படிக் காட்டப் போகிறோம் என்பதை அவரிடம் சொல்லிவிட்டோமா என்று எந்தத் தாளிலும் நான் கேட்டதில்லை. புதன்கிழமை மாலை ஷாஹிதா எங்கள் திட்டத் தாளில் நான் எழுதியிருந்த 'பழைய படகு, உரிந்த நீலம்' என்பதை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, மேலே இவ்வாறு எழுதினார்: 'ஏழுமலை அண்ணன் படகு, பாதி வர்ணம். அவருக்குத் தெரியும்.'

அந்தத் தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். இக்குறிப்பையும் அதையும் துறையின் கோப்பில் ஒன்றாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.